நாற்பத்தொரு சாட்சிகள்

கிருபா ஜெபம் பண்ணத்தான் சொல்லியிருந்தாள். ஓட்டு கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டரைக்கு எங்க டூல் வெளிய வருது. ஜெபத்துல வச்சுக்கோங்க அக்கா" என்று இவாஞ்சலினிடம் சொன்னாள். வேலூரில் நர்ஸாக இருக்கும் இவாஞ்சலின், ஆம்பூர் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. ஜெபக் குறிப்புகளைச் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். எழுதியதை மறக்கமாட்டாள்.

அந்தக் கருவிக்குப் பெயர் 'தையல்'. காட்பாடியில் ஒன்றாகப் படித்த கிருபாவும் ஷாஜினும் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தது. எங்கோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் பாதியில் நின்றுபோனால், எந்த வரியில் பிரிந்தது, ஏன் பிரிந்தது என்று அதை எழுதியவருக்கு நேரான வார்த்தையில் சொல்லிவிடும்.

புதிய மென்பொருள்களை அறிமுகப்படுத்தும் அமெரிக்கத் தளம் ஒன்றில் அதை வெளியிட்டார்கள். அங்கே ஒரு நாள் முழுக்க மக்கள் ஓட்டுப் போடுவார்கள், கருத்து எழுதுவார்கள். முதல் ஐந்து இடங்களில் வந்தவை மறுநாள் லட்சக்கணக்கானவர்களின் மின்னஞ்சலுக்குப் போகும். வராதவற்றை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. கிருபாவுக்கு அந்த ஐந்தில் ஓர் இடம் வேண்டும். அமெரிக்காவில் நாள் பிறக்கும்போது இங்கே மத்தியானம் பன்னிரண்டரை.

ஒன்றே காலுக்கு எழுபத்துமூன்று ஓட்டு. நான்காவது இடம்.

"கிருபா, இத பாரு" என்றான் ஷாஜின். "கமெண்ட் எல்லாம் தமிழ்ல வருது. இன்னா இது?"

'கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம்' என்று தொடங்கியது முதலாவது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். முதல் வரிக்கு மேல் கிருபா எதையும் படிக்கவில்லை.

இருபது நிமிடத்தில் தளத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே இணைப்பிலிருந்து, ஒரே வாசகத்தோடு நாற்பத்தொரு கணக்குகள். இவை உண்மையான மனிதர்களுடையவை அல்ல என்று எங்கள் அமைப்பு தீர்மானித்துள்ளது. ஓட்டுகளும் கருத்துகளும் நீக்கப்பட்டன. உங்கள் பக்கம் முதல் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

சர்ச் அடுத்த தெருவில்தான். கிருபா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். காணிக்கையாக வந்த பூசணிகளும் தேங்காய்களும் ஏலம் போய், ஹாலில் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"வா வா! எத்தனாவது எடம்?" என்றாள் இவாஞ்சலின், கையில் தயிர்ப் பச்சடி வாளியோடு.

"யாரு அக்கா ஓட்டு போட சொன்னது?"

"நான்தான்டி மைக்ல சொன்னேன். நீ ஸ்டேட்டஸ்ல போட்ட லிங்க் இருந்துச்சே. ஏலம் முடியறதுக்குள்ள நாப்பத்தோரு பேருக்குக் கணக்கு தொறந்து குடுத்தேன். சபை வைஃபை இருக்குதே. கீழ கமெண்ட்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஆளுக்கு ரெண்டு வரி சாட்சி எழுதுங்கன்னேன்."

"சாட்சியா?"

"பின்ன? ஒருத்தரப் பத்தித் தெரிஞ்சத நாலு பேர் முன்னாடி சொல்றதுக்கு இன்னா பேரு?"

"ஜெபம்தான அக்கா பண்ண சொன்னேன்!"

"ஜெபமும் பண்ணோம். கையில போன் இருந்துச்சு, அதையும் பண்ணோம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கிருபாவுக்குப் பொறுமை அறுந்தது. "எல்லாம் போச்சு! நாப்பத்தொண்ணும் பொய்க் கணக்காம். நீங்க யாரும் மனுஷங்களே இல்லியாம். ரெண்டு வருஷம் அக்கா! ஒரு பந்தி நேரத்துல முடிச்சு வச்சிட்டீங்க."

மூன்றாவது வரிசையில் அமிர்தவள்ளி எழுந்தாள். ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மேல்தோல் தைப்பவள். விரல்களில் பிரியாணிச் சோறு ஒட்டியிருந்தது.

"யாரு மனுஷங்க இல்ல?"

"மிஷின் சொல்லுது ஆன்ட்டி."

"எங்க செக்கிங் மேடம் ஒரு ஷூவ ரிஜெக்ட் பண்ணா, எந்தத் தையல்னு வெரல் வச்சுக் காட்டுவாங்க. காட்டாம தூக்கிப் போட முடியாது. நான் என் பேரப் போட்டேன். என் போன்ல, என் வெரலால போட்டேன். பாஸ்வேர்டு மூணு வாட்டி தப்பாப் போய் நாலாவது வாட்டி போட்டேன். என்கிட்ட எது பொய்யின்னு வெரல் வச்சுக் காட்டச் சொல்லு."

கிருபா வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வீட்டில் ஷாஜின் இன்னொரு செய்தியைக் காட்டினான். காசுக்கு ஓட்டு விற்கும் யாரோ ஒரு தரகன். ஐந்நூறு ஓட்டு, பன்னிரண்டு நாடு, ஒவ்வொன்றும் தனி இணைப்பு, இதுவரை பிடிபட்டதில்லை.

"இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருக்கு" என்றான். "ரெண்டாவது எடத்துல இருக்கறதப் பாரு. 'அருமை, வாழ்த்துகள், அருமை, வாழ்த்துகள்'. நானூறு பேரு. ஒருத்தனாவது தொறந்து பாத்திருப்பானா? அது நிக்குது. நம்ம ஆளுங்களத்தான் தூக்கிட்டான். இதுல இன்னா நியாயம்?"

நியாயம் ஒன்றுமில்லை. கூலிக்கு வந்த பொய் பல வாசலில் பிரிந்து வந்ததால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அன்பு ஒரே வாசலில் கூட்டமாக வந்ததால் வெளியே தள்ளப்பட்டது. கிருபா, தரகனுக்குச் சரி என்று எழுதிவிடலாம் என்றுதான் மின்னஞ்சலைத் திறந்தாள்.

நீக்கப்பட்ட கருத்துகளின் நகல்கள், ஒவ்வொன்றும் வந்தபோதே தளம் அனுப்பிவைத்தவை, அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அதே முதல் வரி. சாட்சி சொல்ல எழுகிறவர்கள் சபையில் என்றைக்கும் அந்த வரியோடுதான் தொடங்குவார்கள். இந்த முறை அவள் இரண்டாவது வரியையும் படித்தாள்.

'என் மகனுக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட் இறங்கவில்லை. கிருபா தன் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்து எடுத்துக் கொடுத்தாள்.'

'என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் வீடியோ கால் போட்டு அவர் முகத்தைக் காட்டினாள்.'

அமிர்தவள்ளி எழுதியிருந்தாள்: 'இந்தப் பிள்ளை செய்தது என்னவென்று எனக்குத் தெரியாது. என் ஆதாரில் பேர் தப்பாக இருந்தது. என்னோடு நாலு நாள் வரிசையில் நின்றாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவள் செய்தால் ஒழுங்காகத்தான் செய்திருப்பாள்.'

பாதிக்கு மேல் அவளுக்கே மறந்துபோனவை. அந்த மிஷின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டது. தானும் அப்படித்தான் செய்தோம் என்பது அவளைச் சுட்டது.

"வேணாம் ஷாஜின்."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"அவங்கள மனுஷங்க இல்லன்னு சொன்ன எடத்துல, நெஜமாவே மனுஷங்க இல்லாத ஓட்ட வாங்கிப் போடவா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நாற்பத்தொரு சாட்சிகளையும் இருவருமாக ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

"ஸ்தோத்திரத்த நாப்பத்தோரு வாட்டியும் போடணுமா?"

"போடணும்."

அதன்கீழே கிருபா எழுதினாள்: 'ஓட்டுகளைத் திரும்பக் கேட்கவில்லை. இவர்கள் என் கருவியைப் பயன்படுத்தியவர்கள் அல்ல. அந்த வகையில் உங்கள் விதி சரி. ஆனால் இவர்கள் மனிதர்கள். அல்ல என்று சொன்னீர்கள். அதைத் திருத்துங்கள்.' தளத்துக்கும் அனுப்பினாள், தன் பக்கத்திலும் போட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் நாள் முடிந்தது. மறுநாள் போன மின்னஞ்சலில் 'தையல்' இல்லை. அந்த இரண்டாவது இடம் இரண்டாவதாகவே இருந்தது. முகம் தெரியாத ஒருவர் மட்டும், சாட்சிகளைப் படித்துவிட்டுக் கருவியை இறக்கிப் பார்த்ததாக எழுதினார். ஒரு பிழை இருப்பதாகவும், அது இருக்கும் இடத்தையும் பொறுமையாகச் சொல்லியிருந்தார். கிருபா அதை அன்றைக்கே சரிசெய்தாள்.

வியாழக்கிழமை சாயந்திரம் கம்பெனி வேன் பஜார் முனையில் நின்றது. அமிர்தவள்ளி டிபன் பையோடு இறங்கினாள். கிருபா அங்கே காத்திருந்தாள்.

"அன்னிக்குக் கத்திட்டேன் ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க. இவாஞ்சலின் அக்காகிட்டயும் கேட்டுட்டேன்."

"அத விடு. உன் மிஷின்காரன் இன்னா சொன்னான்?"

"இன்னிக்குத்தான் பதில் வந்துச்சு. மறுபடி பாத்தாங்களாம். நாப்பத்தோரு பேரும் மனுஷங்கதான்னு ஒத்துக்கிட்டாங்க."

"ஓட்டு?"

"அது இல்ல. நாள் முடிஞ்சிடுச்சு."

"மன்னிப்பு கேட்டாங்களா?"

"இல்ல ஆன்ட்டி."

அமிர்தவள்ளி பையைக் கடைப்படியில் வைத்தாள். "நீ சின்னப் பொண்ணு, வேன் வர்ற வரைக்கும் நின்னு கேக்கற. அவன் அவ்ளோ பெரிய ஆளு, ஒரு வார்த்தை கேக்கலியா? போன எடு."

"இப்பவா?"

"இப்பத்தான். நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு. மொத வரி, 'கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம்'."

கிருபா போனை எடுத்து அப்படியே எழுதினாள்.

"எழுதிட்டேன் ஆன்ட்டி. ரெண்டாவது வரி சொல்லுங்க."