மூன்று உருண்டை

சவப்பெட்டி பெரிதாகப் போய்விட்டது. ஆட்கள் விக்னேஸ்வரனைத் தூக்கி உள்ளே கிடத்தியதும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் இடம் மிஞ்சியது. சவப்பெட்டிக் கடைக்காரர் ராஜுவைப் பார்த்தார். ராஜு கூரையைப் பார்த்தான்.

"அளவு நீங்கதானே சொன்னீங்க, போஸ்?"

"எங்க அண்ணன் சைஸு எனக்குத் தெரியாதாலா?" என்றான் ராஜு. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "பெரிய ஆளு. எப்பவும் பெரிய ஆளுதான்."

ராஜுவுக்குத் தெற்கே ஜொகூரில் வேலை. ஆப்பரேசனுக்குப் பிறகு அண்ணன் இளைத்துக்கொண்டு வந்ததை அவன் போனில் படமாகப் பார்த்ததோடு சரி. காலையில் சவப்பெட்டிக் கடைக்கு அழைத்தபோது அவன் மனதில் இருந்தது லோரிக் கதவில் வயிற்றை இடித்துக்கொண்டு இறங்கும் பழைய அண்ணன். யாரோ ஒரு போர்வையை மடித்துக்கொண்டு வந்து இடுக்கில் செருகினார்கள்.

விக்னேஸ்வரனின் மனைவி தினேஸ்வரி தலைமாட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுசன் மட்டும் இதைப் பார்த்திருந்தால் குஷியாகி நாலு பேருக்குப் போன் போட்டு, இவ்வளவு இளைத்துவிட்டேனென்று பெருமையடித்திருப்பார் என்று தோன்றியது. தோன்றியவுடன் அழுகை முட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. நேற்று விடிந்ததிலிருந்து அவளுக்கு இப்படித்தான் வந்து வந்து நிற்கிறது.

ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்பு மலைகளில் ஒன்றை உடைத்துத் தள்ளும் குவாரியில் லோரி ஓட்டியவர் விக்னேஸ்வரன். லைசன்ஸைப் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் நின்று நின்று வரும் மூச்சு. எடை குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வயிற்றைச் சுருக்கித் தைக்கும் ஆப்பரேசனுக்குப் பெயரைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் யோசித்துக்கொண்டிருந்தவரை, "நீங்க இருந்தா போதும் எனக்கு" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள் தினேஸ்வரிதான். அது இந்தத் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அவரவர் வாயில் அதுதான் உருண்டுகொண்டிருந்தது.

ஆப்பரேசன் நல்லபடியாகத்தான் முடிந்தது. "இனிமே உங்க வயிறு ஒரு வாழப்பழம் அளவுதான், அங்கிள்" என்று சொல்லி அனுப்பினாள் சாப்பாட்டு முறையைச் சொல்லித்தரும் மிஸ்ஸி. முதலில் தண்ணீர், பிறகு பால், பிறகு எல்லாமே பிளெண்டரில் அடித்த கூழ். கோழியும் கூழ், கேரட்டும் கூழ், பருப்பும் கூழ். "குவாரியில கலவை ஏத்துவேன். இப்ப எனக்கே ஏத்துறாங்க" என்று விக்னேஸ்வரன் சிரிப்பார். தினேஸ்வரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பிஸ்கட் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர் பார்த்து ஏங்குவாரே என்று அவளும் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள். மகள் பிரமிளாவுக்கும் மாமியார் வீரம்மாவுக்கும் அதே சட்டம்தான். ஜெயிலர் என்று அவளுக்குப் பெயர் வைத்தார் விக்னேஸ்வரன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

முந்தாநாள் சாயங்காலம் அவளும் மாமியாரும் சாப்பிட ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் கிளினிக். மிஸ்ஸி பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் இட்லி, முட்டை, குழைந்த சோறு என்று மெல்லத் தொடங்கலாம். விக்னேஸ்வரன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தினா, ஒரு வாய். ஒரே ஒரு வாய் ரசம் சோறு. பல்லு இருக்கிறதே மறந்து போச்சுலா."

"நாளைக்குத்தானே? மிஸ்ஸி சரின்னு சொல்லட்டும், நானே ஊட்டி விடுறேன். ஒரு நாள் பொறுக்க முடியாதா?"

"சரிமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபித்துக்கொண்டிருக்கலாம், கத்தியிருக்கலாம். சரிமா என்றுதான் சொன்னார். அவள் மறுநாளைக்காக ஒரு துண்டு மீனும் மெத்தென்ற தவ்ஃபூ சோயாக்கட்டியும் வாங்கக் கடைக்குப் போனாள். இரண்டும் இன்னும் ஐஸ் பெட்டியில் இருக்கின்றன.

நேற்று விடியுமுன் பாத்ரூமுக்குப் போய் வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சின்ன வயது மலாய் டாக்டரம்மா ஒருத்தி அவளைத் தனியாக அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. ஆப்பரேசன் செய்தவர்களுக்கு அபூர்வமாக இப்படி ஆவதுண்டு. வயிற்றுத் தையலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. யாராலும் தடுத்திருக்க முடியாது. தினேஸ்வரி தலையை ஆட்டினாள். போனில் கேட்டவர்களிடமெல்லாம் "மூச்சு நின்னு போச்சு" என்றுதான் சொன்னாள். அதற்கு மேல் விளக்க அவளிடம் தெம்பில்லை.

வாசலில் போட்ட கூடாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, அவள் காதில் விழட்டும் என்றோ விழாது என்றோ, சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்படி சாப்பிடுற மனுசன். கடைசியில பட்டினி போட்டே அனுப்பிட்டா."

தினேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. நேற்றிலிருந்து அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாய் கேட்டார். தரவில்லை. பசியோடு போய்விட்டார். சாவைக்கூட எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

"வாய்க்கரிசி போடுறவங்க வரலாம்" என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். தட்டில் பச்சரிசியும் பக்கத்தில் செம்பில் தண்ணீரும் இருந்தன. "பெத்தவங்க மொதல்ல வாங்க."

வீரம்மாவைக் காணோம். அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து பெற்றவள் பக்கத்திலேயே வரவில்லை. பிரமிளா உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"வரமாட்டேங்கிறாங்கம்மா. நான் போடக்கூடாதுன்னு சொல்றாங்க."

தினேஸ்வரி எழுந்தாள். "நீ எழுந்திரிக்கக் கூடாது, உக்காரும்மா" என்று யாரோ தோளை அழுத்தினார்கள். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

வீரம்மா அடுப்படியில் கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பக்கத்தில், குட்டை நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவள். வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், அடிபட்ட கையைப்போல.

"வாங்கத்தே. காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் வரல. நீங்க போட்டு அனுப்புங்க."

"கையில என்ன?"

வீரம்மா தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். வெளியே சங்கு ஊதி நின்றது.

"அன்னிக்கு நீ கடைக்குப் போனில்ல" என்றாள் வீரம்மா.

"ஆமா."

"கேட்டான். அம்மா, ஒரு வாய்மா, அவ வர்றதுக்குள்ளன்னு. எம்புள்ள இத்தன வருசத்துல எங்கிட்ட ஒன்னும் கேட்டதில்ல, தினேசு." அவள் சுவரிடமே பேசிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் குழைச்சேன். ரசத்த ஊத்திக் கையாலேயே குழைச்சேன். ஒரு பருக்க தெரியல. பல்லு மொளைக்காதப்போ குடுத்த மாதிரி. கெட்டியா இருந்தாத்தானே ஆவாது, இப்படிக் குடுத்தா ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேன். தையலு பிச்சுக்கிச்சு. நானே கொன்னுட்டேன் எம்புள்ளைய. இந்தக் கையால மறுபடி அவன் வாயில அரிசி போடச் சொல்றியா?"

தினேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. எத்தனை நாள் காவல்! கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு எத்தனை வேளை விழுங்கியிருப்பாள்! அவளை ராட்சசியாக நிற்க வைத்துவிட்டு அம்மாவும் பிள்ளையும் அரைமணி நேரத்தில் அத்தனையையும் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எவ்ளோ சாப்பிட்டாரு?"

வீரம்மா முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு உருண்ட. நெல்லிக்கா அளவுதான். சத்தியமா அதுக்கு மேல இல்ல."

"மென்னாரா?"

"மெல்ல ஒன்னுமே இல்ல அதுல. ஆனா மென்னான். கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் மென்னான்."

"அப்புறம்?"

"நாலாவது உருட்டினேன். வேணாம்மா, வயிறு நெறஞ்சிருச்சுன்னான்."

"வயிறு நெறஞ்சிருச்சுன்னாரா?"

"ஆமா. ஏப்பம் விட்டான். தட்டக் கழுவி வச்சிரும்மா, ஜெயிலர் வந்துருவான்னு சிரிச்சான்."

தினேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து முட்டி நின்ற அழுகை இப்போது உடைத்துக்கொண்டு வந்தது. மாமியாரின் முழங்காலில் முகத்தை வைத்து அவள் வாய்விட்டு அழுதாள். வெளியில் இருந்தவர்கள் சாவு வீட்டு அழுகைதானே என்று இருந்துவிட்டார்கள்.

"என்னய மன்னிச்சிருடி" என்றாள் வீரம்மா.

"மன்னிக்க ஒன்னுமில்லத்தே." தினேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சோத்தால இல்ல. டாக்டரு எங்கிட்ட சொன்னாங்க. கால்ல ரத்தம் உறைஞ்சு, அது மேல போயி அடைச்சிருச்சு. ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. தையலு அப்படியேதான் இருக்கு."

"எனக்காகச் சொல்றே."

"இல்ல."

"நேத்துலருந்து சொல்லலியே நீ."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

வீரம்மா முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவளா இவள் என்று இருபது வருசப் பழக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப சோறு?"

"சோறு ஒன்னும் செய்யல." தினேஸ்வரி அவளுடைய முழங்காலை அழுத்திப் பிடித்தாள். "பசியாறிட்டுத்தான் போயிருக்காரு, அத்தே. நீங்கதான் பசியாத்தி அனுப்பியிருக்கீங்க."

வீரம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் தினேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிரித்தபோது தடுக்கவில்லை. தோல் தடித்துக் காய்ப்பேறிய பெரிய கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தினேஸ்வரி அவளைக் கூடத்துக்கு நடத்திக் கூட்டி வந்தாள். பெண்கள் வழி விட்டார்கள்.

பெற்றவள் முதலில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு தட்டிலிருந்து கொஞ்சம் பச்சரிசியை எடுத்தாள். எடுத்தவள் வாயில் போடவில்லை. செம்புக்குள் விரல்களை நனைத்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, கட்டைவிரலால் அரிசியைத் தேய்க்கத் தொடங்கினாள். பச்சரிசி. அது குழையவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டு தேய்த்தாள்.

பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆயா, அப்படியே போடலாம். வண்டி வந்திருச்சு, நேரமாவுது."

ராஜு தாயின் தோளைத் தொடப் போனான். தினேஸ்வரி கையை நீட்டி அவனை மறித்தாள்.

"இருங்கண்ணே" என்றாள் பண்டாரத்திடம். "அத்தே குழைச்சுக் குடுக்கட்டும்."

பண்டாரம் செம்பை வீரம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே வண்டிக்காரர் இஞ்சினை அணைத்தார்.