குறையொன்றும் காணாத மதிப்புரை

கண்டியில் வெளிவந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு நூல் மதிப்புரை எழுதி வந்தவர் பரமநாதன். பகலில் அரசாங்க அலுவலகத்தில் கோப்பெழுதும் லிகிதர். விஞ்ஞானமோ சரித்திரமோ மனிதர் குணமோ, எந்த நூல் வந்தாலும் முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பார்த்துவிட்டுப் புகழ்ந்து எழுதிவிடுவார். நாலு நல்ல வார்த்தையால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம்.

மலேரியா ஊர்களை வாரிக்கொண்டு போன அந்த வருடம், கெலிஓயாப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் முஹ்ஸின் காய்ச்சலைப் பற்றி எளிய தமிழில் ஒரு நூல் எழுதி, அச்சிட்டு, மதிப்புரைக்கு அனுப்பினார். தான் வைத்தியரல்ல, பிழையிருந்தால் தயங்காமல் எழுதுங்கள், திருத்திய பின்பே கிராமங்களுக்குக் கொடுப்பேன் என்று கேட்டிருந்தார். ‘குறையொன்றும் காணோம், வீடுதோறும் இருக்கவேண்டிய நூல்’ என்று பரமநாதன் எழுதினார்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை முஹ்ஸினே வந்தார். பரமநாதனின் மனைவி இரஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாள். அலவத்துகொடவில் தன் தங்கை றம்லத், நூலில் கண்டபடி மகனுக்குக் குயினைன் கொடுத்ததையும், காய்ச்சல் போனதையும், கூடவே பிள்ளையின் காதும் போனதையும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு நூலை ஒருமுறை தரும்படி கேட்டார்.

அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் பரமநாதனுக்கு உறைத்தது. தாள்கள் அச்சகத்தில் மடித்துத் தைத்தபடியே இருந்தன. வாசிப்பவர்தான் ஓரங்களைக் கத்தியால் வெட்டிப் பிரிக்கவேண்டும். முதல் மடிப்புக்கு அப்பால் ஒன்றும் வெட்டப்படவில்லை.

முஹ்ஸின் அந்த ஓரத்தை விரலால் தடவினார்.

“பிழையா எழுதினது நான்தான். ஆனா நீங்க வாசிச்சீங்கண்டு நம்பித்தான் ஐயா வீடு வீடாக் குடுத்தேன்.”

“நானும் வாறன் மாஸ்டர். எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லுவம்.”

“வேணாம். இவர் யாருண்டு கேட்டா நான் என்ன சொல்ற?”

கொடுத்தவள் மனம் நோகக்கூடாதென்று தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

பரமநாதன் கத்தியால் தாள்களை வெட்டினார். நடுவில் இருந்தது அந்த வரி: வீட்டிலுள்ள எல்லோருக்கும் வேளைக்கு இரண்டு குயினைன் குளிசை. மதிப்புரை எழுதிய அதே வாரம் தன் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, டாக்டர் சொன்னபடி குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தவர் அவர். வாசித்திருந்தால் அவர் கண் அங்கே நின்றிருக்கும். ஒரு மாலைப்பொழுதின் வாசிப்பு, அவ்வளவுதான் முஹ்ஸின் கேட்ட உபகாரம்.

றம்லத்தின் பிள்ளைக்கு என்ன வயது என்றுகூட அவர் கேட்டிருக்கவில்லை.