சிவப்புப் பெட்டி எது?

எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பழுத்த மிளகாயும் பழுக்காத மிளகாயும் என் கண்ணுக்கு ஒரே சேற்று நிறம். இதை வெளியில் சொன்னால் மற்றவர்களுக்குச் சிரிப்பு. எனக்கோ சோறு போய்விடும். கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகம கடைத்தெருவில் தாஸிம் முதலாளியின் புடவைக்கடையில் பதினொரு வருஷமாகச் சேலை எடுத்துப் போடுகிறவன் நான்.

எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கலாம். வாயாலும் ஞாபகத்தாலும்தான். இடது அலுமாரி சிவப்பு வகை, வலது அலுமாரி பச்சை வகை. சரக்கு இறங்குகிற அன்று முதலாளி கதிரையில் இருந்தபடி நிறத்தைச் சொல்லுவார், நான் அடுக்குவேன். அடுக்கியது மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வந்து, "இந்த ரவிக்கைக்கு இந்தச் சேலை எடுப்பா இருக்குமா?" என்று கேட்டால், "உங்க கண்ணுக்குத் தெரியாததா அம்மா, வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாருங்க" என்பேன். மற்றக் கடைகளில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அழகர் மட்டும் அப்படியில்லை என்று எனக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். வேடிக்கைதான்.

என் மனைவி புஷ்பத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். கல்யாணமான புதிதில் பச்சைச் சேலை என்று சொல்லி அவளுக்குச் சிவப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சிரிக்கத் தொடங்கியவள் இன்னும் முழுதாக நிறுத்தவில்லை.

முப்பத்தாறாம் வருஷத்து வோட்டு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வோட்டுக் கிடைத்ததே முப்பத்தொன்றில்தான். எழுதப் படிக்கத் தெரியாத சனம் தடுமாறக் கூடாதென்று சர்க்கார் ஒரு வழி செய்திருந்தது. தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு நிறம், அதன்மேல் பெயர் ஒன்றும் எழுதியிருக்காது. கையில் தருகிற வோட்டுச் சீட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியது. முதல் தடவை எங்கள் பக்கத்தில் நீலமும் மஞ்சளும். ராஜா மாதிரிப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை நின்றது இரண்டே பேர். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரிந்த நான் நிறத்தில் போய் மாட்டிக்கொண்டேன். வேறு நிறமே கிடைக்கவில்லையா இந்தச் சர்க்காருக்கு என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

யாருக்குப் போட்டால் என்ன, எதிலாவது போட்டுவிட்டு வா என்று நீங்கள் சொல்லலாம். என்னால் முடியாது. பச்சைக்காரர் யார் தெரியுமா? முந்தின வருஷம் மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது என் மகள் இராஜகுமாரிக்கு ஐந்து வயது. உச்சி வெயிலில், நினைவில்லாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டி றோட்டில் ஓடினேன். இந்தப் பச்சைக்காரரின் கார் வந்து நின்றது. அந்த மனுஷன் கதவைத் திறந்து, சிங்களத்தில் ஏதோ சொல்லி எங்களை ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய், பிள்ளையை உள்ளே எடுக்கும் வரைக்கும் கூடவே நின்றார். பிள்ளை பிழைத்தாள். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க என்னிடம் இருந்தது இந்த ஒரு துண்டுதான். அதைத் தவறிப்போய் எதிராளியின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் நான் மனுஷனா?

சரி, உள்ளே போய் "பச்சை எது?" என்று கேட்டுவிடலாமே என்றால், அங்கேதான் ஹபீல் இருந்தார். ஹபீல் எங்கள் முதலாளியின் மனைவிக்கு அண்ணன், அவர்கள் பேச்சில் 'நானா'; சிவப்புக்காரரின் ஏஜெண்ட். வோட்டு நாளன்று அந்த அறைக்குள்ளேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கப் போகிறவர். ஒரு வாரமாகக் கடைக்கு வந்து, வாசலில் தன் கையாலேயே சிவப்புத் துணி கட்டி, "இந்தக் கடைச் சோறு திங்கிறவன் எல்லாம் சிவப்புத்தான், வெளங்கிச்சா?" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி தலையைக் குனிந்தபடி இருமினார். மௌனம் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆக, நான் வாயைத் திறந்து பச்சை எது என்று கேட்டால் ஒரே வாயில் இரண்டு குட்டும் வெளிப்படும். நிறம் தெரியாதவன் என்பது ஒன்று, சிவப்புக்கு எதிரி என்பது இன்னொன்று. எதற்காக வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

புஷ்பம்தான் வழி சொன்னாள். "ஏங்க, பொம்பளைங்களத்தான் காலையில முதல்ல விடுறாங்களாம். நான் போய் வோட்டுப் போட்டுட்டு, தலையில இருக்கிற மல்லிகையில கொஞ்சம் கிள்ளிப் பச்சைப் பெட்டி மேல வச்சிட்டு வர்றேன். நீங்க பூவைப் பாத்துப் போடுங்க."

எனக்கு அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும் போல இருந்தது.

வோட்டுப் போடுகிற இடம் பள்ளிக்கூடம். சனம் கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தது. பாதிச் சேலைகள் நான் எடுத்துப் போட்டவை. புஷ்பம் உள்ளே போனாள், வந்தாள். பலாமரத்தடியில் நின்று, முடிந்தது என்று கண்ணால் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. வெயில் ஏறி, அவர்கள் முடிந்து, எங்கள் வரிசை நகர்ந்து, என் முறை வந்தபோது எனக்கு ஒரு பயமும் இல்லை.

பெரிய மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்து வாங்கில் ஹபீல், அவருக்கு அந்தப் பக்கம் பச்சைக்காரரின் ஏஜெண்ட். வோட்டர் பெயர் எழுதிய இடாப்பில் என் பெயரைப் பார்த்துக் கோடு போட்டுத் துண்டைத் தந்தார்கள். மூலையில் காடாத் துணியால் மறைப்புக் கட்டியிருந்தது. விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு பெட்டி. இரண்டின் மேலும் பூ.

மல்லிகை மட்டுமா? செவ்வந்தி, அரளி, வெற்றிலை, யாரோ பயபக்தியோடு வைத்த ஒரு எலுமிச்சம்பழம். புஷ்பம் வைத்ததைப் பார்த்த அடுத்த பெண், இதுதான் முறையாக்கும் என்று தானும் வைத்திருக்கிறாள். அதற்கடுத்தவள், ஒரு பெட்டிக்கு வைத்துவிட்டு மற்றதை வெறுமையாக விடுவது நல்லதல்ல என்று நினைத்திருக்கிறாள். இது பிறகு புஷ்பம் விசாரித்துச் சொன்னது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் பக்கத்தில் ஒரு பெட்டி, வாசல் பக்கத்தில் ஒரு பெட்டி, இரண்டும் ஒரே சேற்று நிறம், இரண்டும் மாலை போட்ட மாப்பிள்ளைகள்.

குனிந்து பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சாய வாசனையில் ஏதும் தெரியுமா என்று மோந்துகூடப் பார்த்தேன், பூ வாசனைதான் வந்தது. கையில் துண்டு வேர்வையில் நனைந்தது. இராஜகுமாரியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகை வரும் போல இருந்தது, உண்மையாகவே.

"என்ன அங்க? உள்ளுக்குத் தூங்குறதா?" என்று அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் அதட்டினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் நின்றால் அவரே எழுந்து வந்துவிடுவார்.

அந்த நெருக்கடியில்தான் எனக்குப் புத்தி வந்தது. பச்சை எது என்று கேட்டால்தானே வம்பு?

"ஐயா!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். "சிவப்புப் பெட்டி எது?"

அதிகாரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிற சத்தம் கேட்டது. "வாய் மூடு! யாருக்கு எண்டு சத்தமாச் சொல்ல ஏலாது! அது குத்தம்!"

ஆனால் ஹபீலுக்குப் பொறுக்கவில்லை. வருகிற வோட்டு வழிதவறிப் போய்விடுமே என்று அவருக்குப் பதற்றம். "ஜன்னல் பக்கம், அழகர்! ஜன்னல் பக்கத்துப் பெட்டி!"

அதிகாரியின் கோபமெல்லாம் ஹபீல் பக்கம் திரும்பியது. இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே போட்டுவிடுவேன் என்று சிங்களத்தில் விளாசினார். பச்சை ஏஜெண்ட் எழுந்து நின்று தன் பங்குக்குக் கூச்சலிட்டார். அந்தக் கலவரத்துக்கு நடுவில், எலுமிச்சம்பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வாசல் பக்கத்துப் பெட்டியின் வாயில் என் துண்டைப் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பாடா! முதுகில் இருந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நிறம் தெரியாதவன் என்று ஊரறியக் கத்திவிட்டு வந்திருக்கிறேனே! ஆனால் கடவுள் என் பக்கம் இருந்தார். சாயங்காலம் ஹபீல் என் தோளில் தட்டி, "சபாஷ்! சர்க்கார் ஆளுக்கு முன்னாலயே எங்கட நிறத்தச் சென்ன பாரு, நீதான் ஆம்புள!" என்றார். அவர் அதை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார். நான் ஏன் மறுக்கப் போகிறேன்? வோட்டும் போய்ச் சேர்ந்தது, வேலையும் தப்பியது. அன்று இரவு புஷ்பமும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள் காலையில் கடை திறந்தேன். தாஸிம் முதலாளி வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஸலாமுக்குப் பதில் சொல்வது போலத் தலையாட்டுகிற மனுஷன், அன்று என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை.

"ஹபீல் சென்னான்," என்றார் கடைசியில். "நீ உள்ளுக்குப் போய் சிவப்பு எது, சிவப்பு எது எண்டு கத்தினியாம்."

"ஆமாங்க முதலாளி."

"வெக்கமில்லையா உனக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் குரல் நடுங்கியது. "அந்தக் காய்ச்சல் நேரம் உன்ட புள்ளயக் கார்ல ஏத்திக்கொண்டு போனது ஆரு? இந்த இடத்துல நிண்டு அழுது அழுது சென்னது நீதானே? ஹபீல் பொஞ்சாதிட நானா, வீட்டுக்குள்ள சண்ட வேணாம் எண்டு நான் வாய் தொறக்கல்ல. ஆனா வோட்டு என்ட வோட்டு. நான் பச்சைக்குத்தான் போட்டன். உன்ட புள்ளய நெனச்சித்தான் போட்டன். நீ பெத்த தகப்பன், சிவப்பு எங்க எண்டு தேடிக்கொண்டு போயிருக்கியே. நன்றி கெட்டவன்டா நீ."

பதினொரு வருஷத்தில் அவர் என்னை இப்படித் திட்டியதில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டால் வேலை இருக்கும், இரண்டு நாளில் கோபமும் ஆறும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு இந்த மனுஷனுக்கு முன்னால் நான் தினமும் எப்படி நிற்பேன்? வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"முதலாளி, நான் பச்சையிலதான் போட்டேன். சிவப்பு எதுன்னு தெரிஞ்சாத்தானே மற்றது பச்சைன்னு தெரியும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சின்ன வயசுல இருந்தே என் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். இடது அலுமாரியைப் பார்த்தார், வலது அலுமாரியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பதினொரு வருஷமா?"

"ஆமாங்க."

"என்ட கடையில?"

"ஆமாங்க முதலாளி."

நான் கணக்கு முடித்துக்கொண்டு போவதற்கே தயாராகிவிட்டேன். முதலாளியின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு கதிரையே கிறீச்சிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "ஜன்னல் பக்கம் எண்டு... ஹபீல்... தன்ட வாயாலயே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச கேளு. என்ட பெட்டிய நீ சொல்லாத. உன்ட கண்ண நான் சொல்ல மாட்டன்."

சரி என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். வந்ததும் வராததுமாக, முந்தின நாள் யாரோ கலைத்துப் போட்டிருந்த சேலைக் குவியலில் கையை விட்டு, ஒன்றை உருவி எடுத்து என்னிடம் நீட்டினார்கள். "இது என்ன நிறங்க? உள்ளுக்கு இருட்டா இருக்கு, சரியாத் தெரியல." வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு வேர்க்கும். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பாருங்க என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். சேலையை விரித்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, கதிரையின் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன்.

"முதலாளி, இது என்ன நிறம்?"