ஆறிப்போன இரண்டாவது கோப்பை

ஜவாதின் கண்காட்சிக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அப்படிச் சொன்னது வேறு யாருமல்ல, ஜவாதேதான்.

நீளமான மேசை ஒன்றில் சின்னச் சின்னக் காபிக் கோப்பைகளை அடுக்கி, காபி நிறப் பிசினை ஊற்றி உறைய வைத்திருந்தான். பெண் கேட்டு வரும் பெரியவர் முன்னால் காபி வைப்பார்கள். பெண்ணைத் தருகிறோம் என்று சொல்லும்வரை அவர் அதைத் தொடமாட்டார். மறுத்துவிட்டால் காபி அப்படியே ஆறிப்போகும். நாப்லுஸ் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வழக்கத்துக்கு, பதில் வராத ஒரு ஜனத்தின் தாகம் என்று ஜவாத் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். ரமல்லாவில் தொடங்கி பெர்லின்வரை போய்வந்தன அந்தக் கோப்பைகள்.

ஜவாத் கட்டிக்கொள்ளப்போகும் ருலாவும் ஓவியம் வரைகிறவள்தான். மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், துருக்கி சீரியல் பார்த்தபடி வெண்டைக்காய் நறுக்கும் அம்மா, சோதனைச் சாவடி வரிசையில் எள்ளு ரொட்டி தின்னும் தம்பி பாசில் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் வரைவாள். வெளிநாட்டிலிருந்து வந்த கண்காட்சிக்காரி ஒருத்தி அதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் பாலஸ்தீனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"அதோ, ரொட்டி தின்னுட்டிருக்கே, அதுதான்" என்றாள் ருலா. அந்தக் கண்காட்சியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

"பறிபோன வீட்டோட சாவியை வரை, இடிஞ்ச ஊர்ல முளைச்ச கள்ளிச்செடியை வரை. யாரு வேணாம்னா? நீ பிளாஸ்டிக் நாற்காலி வரைஞ்சா எவன் வாங்குவான்?" என்று ஜவாத் அவளைக் கடிந்துகொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கண்காட்சி வைக்கலாம் என்றான். அவன் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அவள் பூத்தையல் உடுப்போடு உட்கார்ந்திருந்தால் போதுமாம்.

"அப்ப நான் யாரு? பொம்மையா?"

"கோவிச்சுக்காதே ஹபீப்தி, என் கண்ணே. பெர்லின்ல உட்காரப் போறே, சும்மாவா?"

அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்லூரி நாட்களில், அவளுக்கு நீல வண்ணம் தீர்ந்துபோனது தெரிந்து, சாவடியில் மழையில் நின்று ஒரே ஒரு டியூபை வாங்கிவந்து கொடுத்த ஜவாத் ஒருவன் இருந்தான். அவனை நினைத்துக்கொண்டுதான் அப்பா கேட்டபோது சரி என்றாள்.

பெண் கேட்க வரும் வெள்ளிக்கிழமை காலையில் ஜவாதின் அக்கா ஒரு பை கொண்டுவந்தாள். உள்ளே கழுத்திலிருந்து கால்வரை சிவப்புப் பூத்தையல் போட்ட உடுப்பு.

மகன் பெயரை வைத்து ஊரார் உம் பாசில் என்று கூப்பிடும் ருலாவின் அம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இது பெத்லகேம்காரி உடுப்பு. நம்ம பக்கம் எவ இப்படித் தைச்சா? உங்க அம்மாவே கோடு போட்ட துணியைத்தானே கட்டினாங்க?"

"படத்துல நல்லா தெரியும்னான் அத்தை."

"படத்துல நல்லா தெரியணும்னா மயிலைக் கட்டிக்கச் சொல்லு."

உடுப்பு சமையலறைக் கதவில் தொங்கியது. ருலா தன்னுடைய பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டாள்.

ஆண்கள் கூடத்தில் நிறைந்தார்கள். கதவிடுக்கு வழியாகப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவாதின் பெரியப்பா ஹாஜி முனீப் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கனமான குரலில் பெண் கேட்டார். ருலாவின் அப்பா அபூ பாசில் எழுந்தார்.

"ஹாஜி, காபியைக் குடிங்க. கேட்டு வந்தது கிடைச்சாச்சு."

ஹாஜி ஒரே மடக்கில் குடித்தார். சம்மதத்தை உறுதியாக்கும் ஃபாத்திஹாவை ஓத எல்லோரும் கையை ஏந்தினார்கள். குலவையிட ருலாவின் அத்தை வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்!"

ஜவாத் எழுந்து நின்றான். நினைவுக்காகச் சின்னதாய் ஒரு படம் எடுக்கிறான் என்று சொல்லப்பட்டிருந்த அவன் சிநேகிதன், கேமராவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வெளிச்சம் சரியா விழலை. பெரியப்பா, கோப்பையை மறுபடி கீழ வைங்க. மாமா, நீங்க இன்னொரு தடவை சொல்லிடுங்க, கொஞ்சம் மெதுவா. அந்த பிளாஸ்டிக் நாற்காலியை யாராவது எடுங்கப்பா, அசிங்கமா தெரியுது. ருலா அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டுத் தட்டோட வரட்டும்."

"டேய், என்னடா இது, கல்யாண வீடா நாடகக் கொட்டகையா?" என்றார் ஹாஜி. ஆனால் ஜவாத் அதற்குள் குடுவையைச் சாய்த்து, கோப்பையை நிரப்பி, அவர் முன்னால் வைத்துவிட்டான்.

நாற்காலியை இழந்த ருலாவின் மாமா ஒருவர் சுவரோரம் நின்றார். அபூ பாசில் அந்தக் கோப்பையையே பார்த்தார். அவர் குழாய்க்கடைக்காரர். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளமாட்டார்.

"ஹாஜி, நிறைஞ்ச கோப்பை உங்க முன்னால இருக்கு. என் வீட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான். பொண்ணை மறுபடி கேட்டிருக்கீங்க. ஃபாத்திஹாவும் இன்னும் ஓதலை. அப்ப நானும் என் மகளை மறுபடி கேட்கணும், இல்லையா?"

"கேட்டுத்தான் ஆகணும்" என்றார் ஹாஜி, தலையைக் குனிந்துகொண்டு.

"மாமா, இது சும்மா படத்துக்கு!" என்று ஜவாத் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா சமையலறைக்கு வந்தார். "என்னம்மா சொல்லட்டும்?"

ருலா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். ஜவாத் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கோப்பையை விரல் நுனியால் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தான். அந்த நீல டியூபைக் கொண்டுவந்தவன் அந்தக் கூடத்தில் எங்கேயும் இல்லை.

"காபி ஆறட்டும்ப்பா."

அப்பா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய் அதே வார்த்தைகளைச் சொன்னார்.

ஜவாத் சமையலறை வாசலுக்கு ஓடிவந்தான். "ருலா, விளையாடாதே! ஊரே உட்கார்ந்திருக்கு!"

"இதைப் பத்தி ஒரு பக்கம் எழுதினியே, படிச்சுப் பார்த்தியா?"

"அது கலை! அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கிறே."

"சரி, படம் ஓடுதா? நிறுத்தவேணாம்னு சொல்லு. பெர்லின்ல உன்கிட்ட இருக்கிறது பிசின். இது அசல் காபி." கதவில் தொங்கிய உடுப்பை மடித்து அவன் கையில் வைத்தாள். "இதைக் கோப்பைக்குப் பக்கத்துல உட்கார வை. உடுப்புக்கு என்னைவிட வாய் கம்மி."

ஆண்கள் செருப்புகளைத் தேடினார்கள். ஜவாத் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினான். சிநேகிதன் மட்டும் கேமராவை அணைப்பதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனான்.

ஹாஜி முனீப் வாசல்வரை போனவர், திரும்பி வந்து சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"மகளே, முதல் கோப்பை ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நன்றி ஹாஜி."

அவர் போன பிறகுதான் அவள் கண் கலங்கியது. அம்மா விருந்துக்குச் செய்த கினாஃபா இனிப்புத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். பாசில் ஏற்கனவே ஒரு மூலையை வெட்டித் தின்றிருந்தான்.

ருலா கூடத்துக்குப் போய்க் கோப்பையை எடுத்துவந்தாள். காபி ஆறிப்போயிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கோப்பையைக் கழுவி மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைத்தாள். பிறகு மாடிப்படியில் தூக்கிப்போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து போட்டு உட்கார்ந்தாள்.