பூஜையில் இருக்கும் லேப்டாப்புக்கு ஆறு மணி வரை வாரண்டி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது; ஒப்புக்கொள்கிறேன். புது லேப்டாப்பில் நான் எழுதிய முதல் வரியை, கூடவே வந்த ஆபரேட்டிங் சிஸ்டம், தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாகச் சொல்லி விழுங்கிவிட்டது. என்ன வரி என்று மறந்துவிட்டது. பிரமாதமான வரி என்பது மட்டும் நினைவிருக்கிறது. வஞ்சம் தீர்க்க, கம்பெனி போட்டுக் கொடுத்த சிஸ்டத்தைத் தூக்கி எறிந்த ஒருத்தியைக் கதாநாயகி ஆக்கினேன்.

2

சோமனூரில் லோகப்பிரியா துயரம் தோய்ந்த—

(வேண்டாம். அவளுக்குத் துயரப்பட நேரமில்லை.)

லோகப்பிரியா தன் கணவன் தம்பிதுரையின் விசைத்தறிகளுக்குக் கட்டம்போட்ட துணி டிசைன்களை லேப்டாப்பில் வரைகிறவள். வேலை நடுவே விளம்பரம் காட்டிய பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு, இலவச சிஸ்டம் ஒன்றைத் தானே ஏற்றினாள். அன்று அவள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் போன வாரத்திலிருந்து திரை நினைத்த நேரத்தில் கறுத்துப்போகிறது. வாரண்டி இன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது.* இன்று ஆயுத பூஜை.

* கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தாள்? சிஸ்டத்தை மாற்றியதற்குத் திட்டுவார்களோ என்ற பயம்தான்.

3

மணி ஐந்தே முக்கால். லேப்டாப் தறிச் சாமான்களோடு சந்தனம் குங்குமம் பூசிக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனியின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு குரல் கிடைத்தது.

"வணக்கம் மேடம், ரைஹான் பேசறேனுங்க. மெசினோட சீரியல் நம்பர் சொல்லுங்க."

நம்பர் லேப்டாப்பின் அடியில். லோகப்பிரியா கையை நீட்டினாள்.

"தொட்டுப்போடாத அம்மணி!" தம்பிதுரை குறுக்கே பாய்ந்தான். "பூஜைல வெச்சதை நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும்."

"ஏனுங்க மாமா, ஆறு மணிக்கு வாரண்டி முடியுதுங்க!"

"அது வந்த பெட்டிலயும் நம்பர் இருக்குமில்ல?"

இருந்தது. பெட்டிக்குள் பூஜைப் பொரியும் இருந்தது. தூக்கியதில் பாதி தரைக்குப் போனது.

"அதென்னங்க சத்தம்?" என்றான் போனில் ரைஹான்.

"பொரிங்க."

(லேப்டாப் பெட்டியில் யாராவது பொரி கொட்டிவைப்பார்களா என்று நானும் தயங்கினேன். தம்பிதுரை வைப்பான்.)

4

அடுத்த கேள்விதான் இந்தக் கதையின் வில்லன்.

"வாங்கறப்ப இருந்த அதே சிஸ்டந்தானுங்களா? இல்லீன்னா மறுபடியும் அதையே ஏத்துனாத்தான் கம்ப்ளெயிண்ட் எடுப்போமுங்க. ஏத்துனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுருமுங்க."

உள்ளே இருப்பது ஒரு வருட டிசைன்கள். வேறெங்கும் பிரதி இல்லை.

முடிவு அ: "ஆமாங்க" என்று பொய் சொல்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அவள் காது மடல் சிவந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: "இல்லீங்க" என்கிறாள். ரைஹான் வருத்தத்தோடு போனை வைக்கி—

(மனசு வரவில்லை. விடுங்கள்.)

5

"மெசினு இப்ப பூஜைல இருக்குதுங்க," என்றாள், நேரத்தைக் கடத்த.

ரைஹான் யோசித்தான். "இன்னைக்குத் தொட மாட்டீங்களா?"

"தொடக்கூடாதுங்க."

"எங்க ஆபீஸ்ல என்ற ஹெட்போனுக்கே பொட்டு வெச்சுட்டாங்க. எனக்குத்தான் லீவு இல்லீங்க. அப்ப, சிஸ்டம் என்னன்னு உங்களால இப்ப தொறந்து பாக்க முடியாது. சரிங்களா?"

"சரிங்க."

படிவத்தில் மூன்று கட்டங்களாம்: ஆம், இல்லை, பார்க்க இயலவில்லை. மூன்றாவதை அவன் இதுவரை தொட்டதே இல்லையாம்; இன்று தொட்டான். ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் புகார் பதிவானது! நாளை காலை இன்ஜினியர் புதுத் திரையோடு வருவார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா அக்கா?"

இல்லை என்று சொல்லிவிடு, லோகப்பிரியா. கேட்டால்தானே.

"தம்பி, உண்மையைச் சொல்லிப்போடறேன். அதுல இருந்த சிஸ்டத்தை நானு—"

"அக்கா, இந்த கால் ரெக்கார்ட் ஆகுதுங்க," என்றான் ரைஹான் அவசரமாக. "பொரிக்கு நாட்டுச்சக்கரை போட்டீங்களா?"

6

நாளை மறுபூஜை முடிந்ததும் இன்ஜினியர் அந்த மூடியைத் திறப்பார். திரை ஒளிர்ந்தால் குட்டு வெளிப்படும். நல்ல நேரம் பார்த்துக் கறுத்துவிட்டால், புதுத் திரையை மாட்டி முடிக்கும்வரை அவராலும் எதையும் பார்க்க இயலாது. பழுதே அவளைக் காப்பாற்றிவிடும். எனக்குத் தெரியாது. என் சிஸ்டம் இன்னும் இரண்டு நிமிடத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறதாம். மூன்று கட்டங்களையும் உங்களிடம் விட்டுப் போகிறேன். பார்த்து அடையாளமிடுங்கள், உள்ளே ஒரு வருட உழைப்பு இருக்கிறது.