மேடையோரம் ஒட்டிய ஒயர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒயரைக் கண்டாலே ஆகாது. கையளவு பேட்டரியை நம்பிக் கச்சேரியையே ஒப்படைக்கிறார்கள். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுத்தே நரைத்தவன் நான். மகள் ஒயர் இல்லாத மைக் கேட்டும், அவள் பாடும் மேடையில் ஒயர் மைக்கைத்தான் வைத்தேன்.

"அப்பா, கடைசிப் பாட்டுக்குக் கீழ இறங்கி அம்மா கையப் பிடிச்சுப் பாடணும். ஒயர் எட்டுமா?"

"தாராளமா எட்டும், போ."

நோயில் விழுந்த பிறகு என் மனைவி வெளியே வந்ததே அன்றுதான். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தாள்.

நீளம் விட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் யார் காலும் இடறக்கூடாதென்று, பழக்கதோஷம், மிச்ச ஒயரையும் மேடையோரம் டேப் போட்டு அழுத்தி ஒட்டியிருந்தேன்.

மகள் இறங்கினாள். இரண்டாம் படியிலேயே ஒயர் அவளை நிறுத்தியது. மனைவி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அரங்கின் பின்னாலிருந்து நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"விடுங்க, உங்க ஒயருக்கு உங்க பிடிவாதம் இல்லாமப் போகுமா?" என்று சிரித்த மனைவி, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தாம்பா ஒயர் இல்லாத மைக் கேட்டேன்" என்றாள் மகள்.

"பாதிப் பாட்டுல பேட்டரி செத்தா?"

மனைவியின் மடியில் கிடந்த அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. டேப்பைப் பிய்த்து, ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பேட்டரியை மட்டும் இன்னும் நம்பவில்லை.