கடைசி எண் போதும்

1977 ஐப்பசிப் புயலின்போது செங்கல்பட்டு வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் கருவி ஜெசிந்தாவின் பொறுப்பில் இருந்தது. மாமல்லபுரத்து இருசப்பனும் சதுரங்கப்பட்டினத்து ஞானதாஸும் கடலோர அளவுக் கம்பத்தைப் பார்த்து, நீர்மட்டம் எத்தனை அங்குலம் என்று சொல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே அலைவரிசை. சேர்ந்து பேசினால் இரண்டுமே குழம்பிவிடும். அன்று காலை ஞானதாஸின் பேட்டரி வேறு இறங்கிப்போய், ஒரு சின்னச் சொல்லுக்கு மேல் குரல் நிற்கவில்லை.

ஜெசிந்தா பழைய பதிவேட்டைப் புரட்டினாள். எந்தப் புயலிலும் இரண்டு ஊர் அளவுகளும் நாலு அங்குலத்துக்கு மேல் விலகியதே இல்லை.

"இருசப்பண்ணே, நீங்க முழுசா சொல்லுங்க. அப்புறம் ஞானதாஸண்ணே, நீங்க கடைசி நம்பர மட்டும் சொன்னா போதும்," என்றாள்.

"எழுபத்திமூணு கீதும்மா," என்றார் இருசப்பன்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஞானதாஸின் குரல் வந்தது. "ஒண்ணு." அதோடு அடங்கிவிட்டது.

"அறுபத்தொண்ணா இருந்தா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற தாசில்தார்.

"இருக்காது சார். மாமல்லபுரம் எழுபத்திமூணுன்னா, இது எழுபத்தொண்ணுதான்."

எழுபதைத் தாண்டினால் அந்த ஊர் மீனவர் குப்பத்தைக் காலி செய்ய வேண்டும். தாசில்தார் பதிவேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு ஊருக்கும் லாரிகளை அனுப்பச் சொன்னார்.

மாலைக்குள் கடல் இரண்டு குப்பங்களிலும் புகுந்தது. குடிசைகளில் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை புதுப் பேட்டரியோடு ஞானதாஸ் கூப்பிட்டார். "அல்லாரும் பள்ளிக்கூடத்துலதான் கீறாங்கம்மா. இப்பதான் நாஸ்தா துன்னுகினு இருக்காங்க."